நாப்பத்தாறு பட்டனும் மூணாவது காஜாவும்

ஆபீசில ஆணி கொஞ்சம் கம்மியா இருந்த ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் இந்த வம்பை நானா போய் விலைக்கு வாங்கினேன்.

நண்பர்கள் ஏழெட்டு பேர் சேர்ந்து வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு நாடகம் போடுவாங்க. எல்லாரும் என்னை மாதிரி பொட்டி தட்டுறவங்கதான். இந்த தடவை கதை புதுச்சேரி. 1742லேர்ந்து 1754 வரைக்கும் அங்க கவர்னரா இருந்த டூப்ளேவும், அவரோட துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளையும். பிள்ளைவாள் 1736ல ஆரம்பிச்சு 1761 வரைக்கும் நாட்குறிப்பு எழுதினவர். நாம பத்து நாள் டைரி எழுதினாலே பெரிய விஷயம், மனுஷன் இருபத்தஞ்சு வருஷம் எழுதியிருக்கார்.

பிள்ளைக்கு உடை பிரச்சினையே இல்ல. அங்கி, தலைப்பாகை, சால்வை, முடிஞ்சது. சிக்கல் டூப்ளேவுக்குத்தான். வாடகைக்கு டிரஸ் விடற கடையில "வெள்ளைக்கார கவர்னர் டிரஸ்"னு கேட்டதும் ஒண்ணை எடுத்து உதறினார் கடைக்காரர். கழுத்து வரைக்கும் நிக்கற காலர், ரெண்டு தோள்லயும் குஞ்சம், நெஞ்சு பூரா நங்கூரம் போட்ட பித்தளை பட்டன். டூப்ளேவா நடிக்கிறவன் அதைப் போட்டுக்கிட்டு வந்து நின்னா, கல்யாண ஊர்வலத்துக்கு பேண்டு மாஸ்டர் வந்த மாதிரியே இருந்துது.

நான் வாயை வெச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். "1740ல காலரே கிடையாதுடா, பட்டன்ல நங்கூரமும் கிடையாது"ன்னேன். பிரெஞ்சு ராணுவத்துல பட்டன்ல ரெஜிமெண்ட் நம்பர் போடற பழக்கமே 1760கள்லதான் வந்துதுன்னு எங்கயோ படிச்சதையும் எடுத்து விட்டேன். "அவ்ளோ தெரியும்னா நீயே தைச்சுக் குடு"ன்னுட்டாங்க. மொத்த பட்ஜெட் நாலாயிரம் ரூபா. நாடகத்துக்கு இருந்தது ஒன்பது வாரம்.

எனக்கு மெஷின் மிதிக்கத் தெரியும். எப்படித் தெரியும்ங்கறதை அப்புறம் சொல்றேன். அதுக்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

அந்தக் காலத்து பிரெஞ்சு கனவான் உடையில மூணு உருப்படி. மேல கோட், பிரெஞ்சுல 'அபி'. உள்ள நீளமா ஒரு வெயிஸ்ட் கோட். கீழ முட்டி வரைக்கும் கால்சட்டை. கோட்டுக்குக் காலர் இல்ல. இடுப்புக்குக் கீழ மடிப்பு மடிப்பா விரிஞ்சு முட்டி வரைக்கும் வரும். கையில முழங்கை வரைக்கும் திருப்பி விட்ட பெரிய கஃப். துணியா வாங்கினது கோடவுன் தெருவுல ஸ்கூல் பிளேசருக்குன்னு வெச்சிருந்த மெரூன் கலர் துணி. நிஜமா இருக்கணும்னா கம்பளித் துணி வேணும். நம்ம ஊர்ல சகலாத்துன்னு சொன்னது அதைத்தான். ஆனா சென்னை வெயில்ல அதைப் போட்டா ரெண்டாவது காட்சியிலயே டூப்ளே மயக்கம் போட்டுருவார்.

கோட் வெட்டித் தைச்சது கூட பெரிய விஷயமில்ல. கோட்டையே கோட்டா ஆக்கறது பட்டனும் ஓர அலங்காரமும்தான்னு அப்புறம்தான் புரிஞ்சுது. உக்காந்து எண்ணினேன். முன்பக்கம் 12. ரெண்டு கஃப்புக்கும் நாலு நாலா 8. பாக்கெட் மூடிக்கு 8. பின்னால இடுப்பு மடிப்புக்கு 2. கோட்டுக்கு மட்டும் 30. வெயிஸ்ட் கோட்டுக்கு முன்னால 10, பாக்கெட்டுக்கு 6. மொத்தம் 46 பட்டன். இடுப்பு மடிப்புல இருக்கற ரெண்டையும் கழிச்சா 44 காஜா.

ஒரு சனிக்கிழமை சௌகார்பேட்டை சந்துக்குள்ள நுழைஞ்சேன். உள்ள போனா நமக்குக் கண்ணு கட்டிரும். சுவர் முழுக்க பெட்டி, ஒவ்வொரு பெட்டி மேலயும் ஒரு பட்டனை ஒட்டி வெச்சிருக்காங்க. "எத்தனை லைன் வேணும்?"னார் கடைக்காரர். நம்ம சட்டை பட்டன் 18 லைன். 40 லைன் சேர்ந்தா ஒரு இஞ்ச். இந்த லைனுக்கு மூலம் 'லீன்'ங்கற பழைய பிரெஞ்சு அளவு. டூப்ளே காலத்து வார்த்தை ஒண்ணு சௌகார்பேட்டையில இன்னும் வியாபாரம் பண்ணிக்கிட்டிருக்கு.

பித்தளை கலர் பட்டன் இருந்துது. கையில எடுத்தா காத்து மாதிரி இருந்துது, பிளாஸ்டிக் மேல பூசினது. ரைன்ஸ்டோன் வெச்சது ஒண்ணு, பாத்தா ரிசப்ஷன் ஷெர்வானி ஞாபகம்தான் வரும். நாலு ஓட்டை பட்டன் கதைக்கே ஆகாது. கோட் முன்பக்கத்துக்கு, மேல ஓட்டை தெரியாம அடியில பிடிச்சுத் தைக்கிற பட்டன்தான் அந்தக் காலத்துல. கடைசியா கவர் பட்டன். அதே துணியை மேல சுத்தி அமுக்கிக் குடுப்பாங்களே, சுடிதாருக்கு, பிளவுசுக்கு எல்லாம் போடறது. விலை கம்மி, துணியும் மேட்ச் ஆகும். சரி இதுவே போதும்னு முடிவு பண்ணிட்டு வீட்டுக்கு வந்து, ஒரு தடவை சரிபார்த்துடலாம்னு படிக்க உக்காந்தேன். தப்பு பண்ணிட்டேன்.

1694ல பதினாலாம் லூயி ஒரு ஆணை போட்டிருக்கார். துணி சுத்தின பட்டன் யாரும் போடக் கூடாது! ராஜாவுக்கு வேற வேலை இல்லையான்னு சிரிச்சேன். அப்புறம் காரணத்தைப் படிச்சதும் சிரிப்பு நின்னு போச்சு. அப்ப நல்ல பட்டன்னா மரத்துல இல்ல எலும்புல ஒரு வில்லை செஞ்சு, அது மேல பட்டு நூலும் சரிகையும் கையால சுத்தறது. அதுக்குன்னு தனித் தொழில்காரங்க, தனி சங்கம். 1751ல வெளிவர ஆரம்பிச்ச தீதரோவோட கலைக்களஞ்சியத்துல பட்டன்காரங்க பட்டறையைப் படமாவே போட்டிருக்காங்க. தையல்காரங்க மிச்சத் துணியை வில்லை மேல சுத்தி அவங்களே பட்டன் பண்ண ஆரம்பிச்சதும், நூல் சுத்தறவங்க பொழப்புல மண்ணு. அவங்க முறையிட்டு ராஜா தடை போட்டார். பதினெட்டாம் நூற்றாண்டு ஆரம்பத்துல இங்கிலாந்து பாராளுமன்றமும் இதே மாதிரி சட்டம் போட்டுது. சட்டத்தை எவ்வளவு பேர் மதிச்சாங்கங்கறது வேற கதை.

அங்க டோர்செட்னு ஒரு வட்டாரம். வீட்டுல இருக்கற பொம்பளைங்க சின்ன வளையத்துல நூலைச் சுத்தி பட்டன் செஞ்சு குடுத்து, அதுலதான் பல குடும்பம் ஓடியிருக்கு. 1850கள்ல பட்டன் மெஷின் வந்துது. தொழில் படுத்துது. அவங்களுக்காக எந்த ராஜாவும் ஆணை போடல.

இதைப் படிச்சுட்டு லேப்டாப்பை மூடி வெச்சேன். கொசுவத்தி இங்க ஆரம்பிக்குது.

*

எங்க ஊர் விழுப்புரம். அம்மா காஜா எடுப்பாங்க. ஊர்ல ரெண்டு டெய்லர் கடையிலேர்ந்து தைச்ச சட்டை மூட்டையா வரும். காஜா எடுத்து, பட்டன் கட்டி, அடி மடிச்சுத் தைச்சுக் குடுக்கணும். ஒரு சட்டைக்கு ரெண்டு ரூபா. காலையில சமையல் முடிச்சுட்டு திண்ணையில உக்காந்தா வெளிச்சம் போற வரைக்கும் அதான். மூட்டையைக் கடைக்குக் கொண்டு போய் குடுத்துட்டு வர்றது என் வேலை. கடையில சும்மா நிக்கற நேரத்துல மெஷின் மிதிக்கக் கத்துக்கிட்டது அப்பதான்.

ஏழாங்கிளாஸ் படிக்கறப்ப கூடப் படிக்கிற பையன் ஒருத்தன் என்னை மூட்டையோட பாத்துட்டான். மறுநாள்லேர்ந்து என் பேரு 'காஜா'. அவ்வளவுதான், இனிமே மூட்டை தூக்க மாட்டேன்னுட்டேன். அம்மா ஏன்னு கேக்கல. அவங்களே தலையில வெச்சுத் தூக்கிட்டுப் போக ஆரம்பிச்சாங்க. நான் எதிர்ல வந்தா வேற சந்துல திரும்பிப் போயிருவேன். இதை இத்தனை வருஷத்துல யார்கிட்டயும் சொன்னதில்ல.

இஞ்சினியரிங் சேர்றப்ப ஃபாரத்துல தாயார் தொழில்னு ஒரு கட்டம். 'இல்லத்தரசி'ன்னு எழுதினேன். அம்மா பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க. படிச்சாங்க. ஒண்ணும் சொல்லல. முதல் வருஷம் ஃபீசுல பாதி அந்த ரெண்டு ரூபாய்ல சேர்ந்ததுதான்.

நான் மூணாவது வருஷம் படிக்கறப்ப ஒரு கடையில காஜா மெஷின் வாங்கிட்டாங்க. மூட்டை பாதியாச்சு. எனக்கு வேலை கிடைச்சு முதல் சம்பளம் வாங்கினதும் நான் பெரிய மனுஷன் மாதிரி "இனிமே அந்த வேலையெல்லாம் விட்டுரும்மா"ன்னேன். விட்டுட்டாங்க. அவங்க நல்லதுக்காகச் சொன்னதாதான் ரொம்ப நாள் நினைச்சிக்கிட்டிருந்தேன். பாதிதான் அது. மீதிப் பாதி ஏழாங்கிளாஸ் பையன்.

இப்ப 44 காஜா வேணும். மெஷின் காஜா போட்டா வேலைக்காகாது. அதுல ரெண்டு பக்கமும் மட்டமா கோடு ஓடியிருக்கும். அந்தக் காலத்து கோட்டுல நூலைப் படுக்க வெச்சு அது மேல முடிச்சு முடிச்சா கையால போட்டது, மேல எழும்பி நிக்கும். ஊருக்கு போன் போட்டேன்.

"அம்மா, ஒரு நாடகத்துக்கு கோட் தைக்கிறேன். காஜா எடுத்துத் தர முடியுமா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"எதை விடச் சொன்னியோ அதையே கேக்கறியாடா?"

என்ன சொல்றதுன்னு தெரியல. "சரிம்மா, வேற யார்கிட்டயாவது பாத்துக்கறேன்"னு வெச்சுட்டேன்.

*

காஜா கதையை அப்படியே வெச்சுட்டு பட்டன் வேலையில இறங்கினேன். லூயிக்கு பயந்து கவர் பட்டனைக் கைவிட்டாச்சு. மரவில்லைக்கு எங்க போறதுன்னு யோசிச்சப்ப மாட்டினது கேரம் போர்டு காய். சரியா மூணு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல, கோட் பட்டனுக்குப் பொருத்தமான அளவு. ஒரு செட்ல சிவப்புக் காயோட 19. ரெண்டு செட் வாங்கினா 38, தேவை 30. மேல் பக்கத்தை உப்புத்தாள்ல தேய்ச்சு குமிழ் மாதிரி ஆக்கினேன். வெயிஸ்ட் கோட்டுக்கு ஆசாரிகிட்ட சொல்லி ஒரு மெல்லிசு மரக் கம்பை வில்லை வில்லையா அறுத்து வாங்கினேன்.

அடுத்தது நூல். கடையில மின்ற கோல்டு லேஸ் எல்லாம் பிளாஸ்டிக் இழை. விளக்கு வெளிச்சத்துல நீலமா பளிச்சுனு அடிக்குது, கிறிஸ்துமஸ் மரம் மாதிரி. அப்பதான் ஒண்ணு தோணுச்சு. அந்த பிரெஞ்சு கோட்டுல போட்ட சரிகை எப்படின்னா, தங்க முலாம் பூசின வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கி பட்டு நூல் மேல சுத்தினது. பொன் நிறம் நல்லா தெரியணும்னு உள்ள மஞ்சள் பட்டு வெப்பாங்க. நம்ம பட்டுப்புடவை சரிகையும் அதே கட்டுமானம்தான். நம்மூர்ல உள்ள இருக்கறது சிவப்புப் பட்டு. அதனாலதான் சரிகையைச் சுரண்டி சிவப்பு தெரியுதான்னு பாக்கறாங்க. காஞ்சிபுரம் போய் கேட்டா அசல் சரிகை என் பட்ஜெட்டைப் பாத்துச் சிரிச்சுது. செப்புக் கம்பி மேல வெள்ளி பூசின ஹாஃப் ஃபைன் வாங்கினேன். பிளாஸ்டிக் லேஸ் பக்கத்துல வெச்சுப் பாத்தா வித்தியாசம் தெரிஞ்சுது. இது நெய் விளக்கு மாதிரி ஒரு மஞ்சள்.

ஓரத்துக்கு அகலமான பார்டர் வெக்கலாமா, மெல்லிசாவான்னு மூணு நாள் குழப்பம். நிறைய வெச்சா கவர்னர் பணக்காரரா தெரிவார், சரி. ஆனா பட்டனும் மின்னி, பார்டரும் மின்னினா கண்ணு எதுலயும் நிக்காது. துணி மேல ரெண்டையும் குண்டூசி குத்தி பத்தடி தள்ளி நின்னு பாத்தேன். கடைசி வரிசையிலேர்ந்து பாக்கறவனுக்குப் பட்டன் வரிசைதான் தெரியணும்னு முடிவு பண்ணி, கஃப்புக்கும் பாக்கெட் மூடிக்கும் மட்டும் அரை இஞ்ச் பார்டர். முன்பக்கம் வெறும் பட்டன், காஜா.

நூல் சுத்தறதுல ஒரு முறை இருக்கு. பட்டன் முகத்தை நாலு பாகமா பிரிச்சுக்கிட்டு, குறுக்கும் நெடுக்கும் மாத்தி மாத்தி ஒட்ட ஒட்ட சுத்திக்கிட்டே வரணும். முடிஞ்சா நடுவுல பெருக்கல் குறி மாதிரி ஒரு கோலம் விழும். இங்கிலீஷ்ல இதுக்கு மண்டையோட்டு பட்டன்னு பேரு. முதல் பட்டனுக்கு ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு. ரெண்டு தடவை நூல் வழுக்கி மொத்தமும் அவிழ்ந்துது. பத்தாவதுக்கு அப்புறம் இருபத்தஞ்சு நிமிஷம். ராத்திரி கால் அட்டெண்ட் பண்ணிக்கிட்டே சுத்துவேன். கழுத்து வலி, விரல் நுனியில கோடு கோடா வெட்டு. இருபது பட்டன் முடிச்ச அன்னிக்கு மனசுக்குள்ள ஒரு கணக்கு ஓடுச்சு. ஒரு சட்டைக்கு எட்டு ஒன்பது காஜா. ஒரு நாளைக்கு எத்தனை சட்டை, எத்தனை வருஷம்... கணக்கை முடிக்கல. வேணாம்னு விட்டுட்டேன்.

அந்த வாரக் கடைசியில கோட்டையும் பட்டன் டப்பாவையும் பைல போட்டுக்கிட்டு ஊருக்குப் போயிட்டேன். கேக்கப் போகல. காட்டப் போனேன்.

*

அம்மா டப்பாவைத் தொறந்து ஒரு பட்டனை எடுத்து ஜன்னல்கிட்ட போய்த் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "இது நீ பண்ணதா?"

"ஆமாம்மா."

"நூலு லூசா இருக்கு. இழுத்துப் புடிச்சு சுத்தியிருக்கணும்."

அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு கோட்டை மடியில விரிச்சு வெச்சாங்க. நான் மெதுவா சொன்னேன். "அன்னிக்கு நான் விடச் சொன்னது உன் கண்ணு வலிக்குதேன்னு மட்டும் இல்லம்மா. எனக்கு வெக்கமா இருந்துச்சு."

"தெரியும்டா."

அவ்வளவுதான் பதில். கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே, "சந்துல திரும்பிப் போவியே, அதுவும் தெரியும். மூட்டை மறைச்சாலும் கண்ணு தெரியாதா?"ன்னாங்க. கோபமா சொல்லல. அதான் தாங்க முடியல.

"நான் எடுத்துத் தர மாட்டேன். ஒண்ணு போட்டுக் காட்டறேன், பாத்துக்க. மீதிய நீ போடு."

நூலை ரெட்டையா கோத்து, மெழுகுவத்தியில ரெண்டு இழுப்பு. சாக்பீஸால கோடு. கோடு சுத்தி சின்னதா ஒரு தையல். நடுவுல பிளேடால ஒரே வெட்டு. பிரியாம இருக்க ஓரத்தைச் சுத்தி ஒரு தையல், அது மேல ஒரு நூலைப் படுக்க வெச்சு, ஊசி மேல நூலைச் சுத்தி இழுத்து முடிச்சு, பக்கத்துலயே அடுத்த முடிச்சு. முனையில குறுக்கே ரெண்டு தையல். ஏழு நிமிஷம். இருநூத்தி எழுபது எண்பது வருஷத்துக்கு முந்தின கோட்டுல பாரிஸ் தையல்காரன் பண்ணதும் கிட்டத்தட்ட இதேதான், மெழுகு உட்பட.

நான் போட்ட முதல் காஜாவுக்கு நாப்பது நிமிஷம். அம்மா பிரிக்கச் சொன்னாங்க. ரெண்டாவதையும் பிரிச்சேன். நல்ல வேளை, அந்தக் காலத்து கோட்டைத் திறந்து விட்டுத்தான் போட்டுக்குவாங்க. நெஞ்சுகிட்ட ரெண்டு மூணைத் தவிர மத்த காஜாவை வெட்டவே மாட்டாங்க, சும்மா தையல் மட்டும் அழகுக்கு. இதைச் சொன்னதும் அம்மா ரொம்ப நேரம் சிரிச்சாங்க. "தொறக்காத காஜாவுக்கும் கூலி குடுத்தானா? நல்ல ஊருடா அது!"

இன்னொண்ணும் சொன்னேன். பொத்தான்ங்கற வார்த்தை போர்த்துகீசியர் விட்டுட்டுப் போனது. காஜாவும் அதே வழிதான். அவங்க மொழியில பட்டன் ஓட்டைக்குப் பேரு 'காஸா'. அது வடக்கே காஜ்னு ஆகி நம்மகிட்ட காஜாவா வந்துது. காஸான்னா வீடும்மா.

அம்மா ஊசியை நிறுத்தல. "வீடுன்னா சரியாத்தான் இருக்கு. சின்னதா இருந்தா நுழைய முடியாது, பெருசா இருந்தா தங்காது"ன்னாங்க.

அடுத்த நாலு வாரக் கடைசியும் ஊருக்குப் போனேன். 44ல அம்மா போட்டது முன்பக்கத்துல முதல் காஜா ஒண்ணே ஒண்ணு. மீதி 43 நான்.

நாடகம் நடந்தது நூறு பேர் உக்கார்ற ஒரு சின்ன ஹால்ல. வாசல்ல குடுத்த நோட்டீசுல உடைன்னு போட்டு என் பேரு. அதுக்குக் கீழ 'காஜா'ன்னு போட்டு அம்மா பேரு. "ஒண்ணே ஒண்ணுதானே அவங்க போட்டது?"ன்னு நண்பன் கேட்டான். "இருக்கட்டும், அச்சடி"ன்னேன். அம்மாவை வரவழைச்சு மூணாவது வரிசையில உக்கார வெச்சேன். நோட்டீசைப் பாத்தாங்க. ரெண்டா மடிச்சு பர்சுக்குள்ள வெச்சிக்கிட்டாங்க.

டூப்ளே மேடைக்கு வந்தப்ப பட்டன் வரிசை விளக்குல நான் நினைச்ச மாதிரியே நின்னுது. ஒரு மணி நேர நாடகம். பிள்ளைவாள் பேசின வசனம் எல்லாம் கைதட்டல் வாங்குச்சு. நான் அம்மா முகத்தைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அவங்க கண்ணு கோட்டை விட்டு நகரவே இல்ல.

வெளிய வந்ததும் கேட்டேன். "எப்படிம்மா இருந்துச்சு?"

"மூணாவது காஜா கோணலா இருக்குடா."

"அங்கேர்ந்து தெரிஞ்சுதா?"

"தெரியாம? வீட்டுக்கு எடுத்துட்டு வா. பிரிச்சுத் திருப்பிப் போடலாம்."

கோட் இப்ப விழுப்புரத்துல இருக்கு. மூணாவது காஜாவைப் பிரிச்சாச்சு. இந்த சனிக்கிழமை போய்ப் போடணும்.

டிஸ்கி: வாடகை டிரஸ் கடைக்காரர் கோட்டைப் பாத்துட்டு விலைக்குக் கேட்டார். குடுக்கறதா இல்ல :-)